படத்தில் இருந்த கை

ஜெசிந்தா மேலே போய் இன்னும் இறங்கி வரவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் மேனேஜர் வந்து லேப் கதவைப் பாதி திறந்து, "ஜெசிந்தாம்மா, முதலாளி கூப்பிடறாருங்க, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார். கூப்பிட்டது சரி, உள்ளே உட்கார்ந்திருந்த கோகிலவாணியை ஏன் பார்க்கவில்லை? அந்தக் கதவைத் திறந்தால் "என்னங் மேடம், ஷேட் வந்துருச்சுங்களா" என்று கேட்டு உயிரை எடுக்காமல் போகாத மனுஷன், இன்றைக்குத் தரையைப் பார்த்துப் பேசிவிட்டுத் தரையைப் பார்த்தே போய்விட்டார். லேப் உதவிக்கு இருக்கும் ஜெசிந்தா ஈரக் கையை ஓவர்கோட்டில் துடைத்துக்கொண்டு, "பி.எஃப். விஷயமா இருக்கும் மேடம், ஆதார் கேட்டுட்டே இருந்தாங்க" என்று சிரித்தபடி போனாள். பி.எஃப். விஷயமாகவே இருக்கட்டும் கடவுளே என்று கோகிலவாணி மெஷின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் மூடி திருகிய எஃகு பீக்கர்கள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத் துணித்துண்டு, சாயத் தண்ணீர், உப்பு, சோடா. ஆலையில் டன் கணக்கில் துணியை முக்குவதற்கு முன்னால் இங்கே ஒரு துண்டை முக்கிப் பார்த்து, வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய மாதிரித் துண்டோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்வதுதான் அவளுடைய பிழைப்பு. பாதியில் திறந்தால் ஷேட், அதாவது அந்த நிறம், போச்சு. அதனால் மெஷின் நிற்கும்வரை அவள் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது, மாடிக்குப் போக முடியாது, என்ன விஷயம் என்று கேட்க முடியாது. முடியாது என்பதில் ஒரு சௌகரியம் இருந்தது, அதை நினைத்தால் அவளுக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். காலையிலிருந்து, தன் பதிவுக்குக் கீழே வந்திருந்த அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. "அருமையான விளக்கம். ஆனால் இந்தப் பச்சை அடுத்த வருஷத்துப் பச்சை ஆச்சே, எப்படி வெளியே வந்தது?" எழுதியவர் திருப்பூரிலேயே ஒரு பையிங் ஆபீஸ்காரர், அதாவது வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே கண்ணும் காதுமாக இருப்பவர். கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை வேறு. ஒரே நிறத்தில் இரண்டு துணி, இரண்டு வெளிச்சம். கடை டியூப்லைட்டில் இரட்டைப் பிள்ளைகள், வெயிலில் கொண்டுபோனால் அண்ணன் தம்பிகூட இல்லை, ஏன் இப்படி ஆகிறது என்று அவள் முந்தாநாள் எழுதிய பதிவு அது. எழுதியவற்றிலேயே நல்ல பதிவு. விளக்கப் படம் வேண்டுமே என்று கையில் இருந்ததிலேயே வெளிச்சத்துக்கு அதிகமாக மாறுகிற துண்டைத் தேடி எடுத்தாள். அது அந்தப் பச்சை, அடுத்த வருஷம்தான் கடைக்கு வரவேண்டிய பச்சை. வேப்பிலை காய ஆரம்பிக்கும்போது ஒரு நாள் மட்டும் இருக்குமே அந்தப் பச்சை. கம்பெனி பெயர் ஒட்டிய சீட்டை மடக்கினாள், ஆர்டர் எண்ணை மறைத்தாள், பின்னால் தெரிந்த அலமாரியைக்கூட வெட்டினாள். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியது பெயருக்கும் எண்ணுக்கும் என்றுதான் புத்தி போயிற்று. அந்த நிறமே ரகசியம் என்று நிறத்திலேயே பதினாறு வருஷம் ஊறியவளுக்கு உறைக்கவில்லை. இதில் இன்னொரு கூத்து, எந்தப் போனிலும் எந்த நிறமும் உள்ளபடி தெரியாது, ஒருத்தர் போனில் பாசி, இன்னொருத்தர் போனில் கொத்தமல்லி, அதையும் இவளேதான் ஒரு பதிவில் எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் எந்த ரகசியம் வெளியே போனது? யார் கண்ணுக்கு எந்தப் பச்சை போனது? இதைச் சொல்லி வாதாடலாமா? வாதாடுவதென்றால் முதலில் அது நான்தான் என்று சொல்ல வேண்டும். அங்கே வந்து நினைப்பு நின்றது, நின்ற இடத்திலேயே சுற்றியது, மெஷினைப் போல.

ஏனென்றால் அது அவள்தான் என்று யாருக்கும் தெரியாது. லிங்க்டினில் அந்தப் பக்கத்தின் பெயர் 'சாயத்தொட்டி'. முகம் இல்லை, ஊர் இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. ஆரம்பித்தபோது பெயரை மறைக்க ஆயிரம் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே லேப் விஷயம் லேப்புக்குள்ளே என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். வீட்டுக்காரர் "எழுது, வேண்டாங்கல, பேரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்காத" என்றார். முன்பு இருந்த கம்பெனியில் அவள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கண்டுபிடித்த வழியை அவளுடைய மேலாளர் மீட்டிங்கில் தன் வழியாகச் சொன்னார்; எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். அந்தக் கை தட்டலை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை கூசும். பெயர் இல்லாமல் எழுதினால் யாரும் திருட முடியாது என்று ஒரு கிறுக்குக் கணக்கு. ஆனால் ஜனங்கள் வந்தார்கள். பங்களாதேஷிலிருந்து, ஈரோட்டிலிருந்து, எத்தியோப்பியாவில் ஏதோ ஆலையில் இருக்கும் தமிழ்ப் பையன்கள்கூட. சார், கறுப்பு சரியாக ஏறவில்லை, என்ன செய்ய? சார், இந்த மெஜந்தா கையில் ஒட்டுகிறது. எல்லோருக்கும் அவள் சார்தான். டீ நேரத்தில் கழிவறையில் நின்றுகொண்டு சாராகப் பதில் எழுதினாள். இவ்வளவு பெரிய மனுஷியாக அவள் வேறெங்கும் இருந்ததில்லை. சிரிப்பு என்னவென்றால், முதலாளி சென்னியப்பனே ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு லேப்புக்கு வந்துவிட்டார். "மேடம், இந்தச் சாயத்தொட்டிக்காரன் எழுதறதப் படிக்கறீங்களா? உப்புத் தண்ணி கடினத்தப் பத்தி என்னமா எழுதிருக்கான் பாருங்க. நம்ம லேப்ல ஏனுங் இந்த மாதிரி யோசிக்க மாட்டேங்கறீங்க?" அதையேதான் அவள் போன வருஷம் அவர் மேசைக்கு முன்னால் நின்று சொன்னாள், பாக்கலாம் பாக்கலாம் என்று போனில் பேசப் போய்விட்டார். சொல்லியிருக்கலாம் அன்றைக்கு. நாக்கு நுனிவரை வந்தது. "படிக்கறேன் சார்" என்றாள். "ஆள் யாருன்னு விசாரிங்க, கெடச்சா நம்மகிட்டக் கூப்பிட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். ஜெசிந்தா கேட்டாள், "என்ன மேடம், தனியா சிரிக்கிறீங்க?"

ஜெசிந்தா. இன்னும் வரவில்லை. ஆதார் கார்டுக்கு இவ்வளவு நேரமா? மாடியில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, கேட்டதா, எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமா. அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம், கண்டுபிடித்திருந்தால் என்னைத்தானே கூப்பிட வேண்டும், ஜெசிந்தாவை ஏன்? ஜெசிந்தாவுக்கும் இதற்கும் என்ன? போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். பச்சையைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் பச்சையைத்தான் பார்த்தாள், விளிம்பில் நிறம் சமமாக ஏறியிருக்கிறதா, நிழல் விழுந்திருக்கிறதா என்று. இப்போதுதான் துண்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். ஒல்லிக் கை. நீலம் ஊறிய நுனிகள். சுட்டுவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. ஜெசிந்தா லேப்புக்கு வருவதற்கு முன்னால் வேறொரு ஆலையில் உருளைக்கு நடுவே மாட்டிக்கொண்ட விரல் அது. இந்தக் கம்பெனியில் அந்த நகத்தைத் தெரியாதவர் கிடையாது, மேனேஜர் குழந்தைக்குக்கூட அதைக் காட்டி ஜெசிந்தா கதை சொல்லியிருக்கிறாள். கோகிலவாணி பழைய பதிவுகளுக்குப் போனாள். மெஜந்தாவைப் பிடித்திருப்பது அந்தக் கை. கறுப்பைப் பிடித்திருப்பது அந்தக் கை. உப்புத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், துவைத்த துணிக்குப் பக்கத்தில், எல்லாவற்றிலும் அந்த நகம், இவள் கண்ணுக்கு மட்டும் தெரியாமல். ஷேட் பார்க்கிறவள் ஷேட்டை மட்டும்தான் பார்ப்பாள், அப்படித்தான் கண்ணைப் பழக்கியிருக்கிறது. இல்லை, அது பொய். பாதிப் பொய். ஏன் ஜெசிந்தாவைப் பிடிக்கச் சொன்னாள்? போனைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளுடைய வலது கை. கட்டை விரலிலிருந்து மணிக்கட்டுவரை வெண்புள்ளி, நிறமெல்லாம் விட்டுப்போய்ப் பால் நிறத்தில். நிறம் பார்த்துப் பிழைக்கிறவளுக்குக் கையில் நிறம் நிற்கவில்லை என்று அவளே தன்னைக் கேலி செய்துகொள்வாள், அடுத்தவர் செய்வதற்கு முன்னால். அந்தக் கை படத்தில் வந்தால் ஊரே கண்டுபிடித்துவிடும். அதனால் ஒளித்தாள். தன் கையை ஒளித்துவிட்டு இன்னொருத்தி கையை வெயிலில் நீட்டினாள். அந்தக் கைக்கும் ஒரு ஆள் உண்டு என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. "படம் எதுக்கு மேடம்?" என்று ஜெசிந்தா முதல் நாள் கேட்டாள். "ரெக்கார்டுக்கு அக்கா" என்றாள். அதற்குப் பிறகு ஜெசிந்தா கேட்கவே இல்லை, இவள் போனை எடுத்தாலே ஓடிவந்து கையை நீட்டுவாள், "ரெக்கார்டா மேடம்?" என்று.

மெஷினின் சின்னத் திரையில் சூடு ஏறி நின்றிருந்தது. சோடா இப்போது வேலை செய்யும், சாயம் நூலைப் பிடித்துக்கொள்ளும், இனி எவ்வளவு அலசினாலும் போகாது. மேலே என்ன கேட்டிருப்பார்கள், அவள் என்ன சொல்லியிருப்பாள். மேடம்தான் எடுத்தாங்க, அவங்களைக் கேளுங்க. இதைச் சொல்ல ஒரு நொடி போதுமே. சொல்லியிருந்தால் இந்நேரம் ஆள் வந்திருக்கும். சொல்லிவிடு ஜெசிந்தாக்கா, சொல்லித் தொலை, எனக்கு நிம்மதியாவது கிடைக்கும் என்று ஒரு மனசு. சொல்லிவிடாதே என்று இன்னொன்று. அந்த இன்னொன்று ரொம்பத் தெளிவாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. போன் அதிர்ந்தது. வரதராஜுலு. கோயம்புத்தூரில் சாயப்பொருள் விற்கும் பெரிய கம்பெனியின் டெக்னிக்கல் தலைவர், துறையில் அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். நேற்றே எழுதியிருந்தார்: உங்கள் பதிவுகளை எங்கள் ஆட்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறோம், பயிற்சிப் பிரிவுக்கு ஒருவரைத் தேடுகிறோம், யார் ஐயா நீங்கள்? இப்போது, "இன்று மாலை கூட்டத்தில் உங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயரும் வேலை பார்க்கும் இடமும் மட்டும் சொல்லுங்கள்." பெயர். இரண்டு பக்கமும் அதே கேள்வி. அவருக்குப் பெயரைச் சொன்னால் அந்தப் பெயரோடு பச்சையும் சேர்ந்துதான் போகும். துணி வாங்குகிற கம்பெனியின் ஷேட்டை வெளியே விட்டவள் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனி வாசல் திறக்கும்? பதிவை அழித்துவிடலாமா? விரல் பதிவின் மூலையில் இருந்த மூன்று புள்ளிமேல் போய் நின்றது. அழித்தால் திருடினவள் ஓடினாள் என்று ஆகும், பையிங் ஆபீஸ்காரர் படம் எடுத்து வைத்திருக்க மாட்டாரா என்ன. அழித்துவிட்டு, பக்கத்தையே மூடிவிட்டு, யாரோ எழுதினான், எவனோ போனான் என்று விட்டுவிட்டால்? விட்டுவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். இன்னொரு பெயரில் மறுபடி ஆரம்பிக்கலாம். வரதராஜுலுவுக்கு ஆறு மாசம் கழித்துப் பதில் எழுதலாம். ஜெசிந்தா? சாய ஆலை முதலாளிகள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். அதில் ஒரு வரி போட்டால் போதும், நகத்துப் படத்தோடு. திருப்பூரில் ஒரு லேப் அவளைச் சேர்க்காது, பெருமாநல்லூரில் சேர்க்காது, ஈரோட்டில் சேர்க்காது. மகளை நர்சிங் சேர்த்துவிட்டு, ஒரு வருஷம் ஓடிட்டா போதும் மேடம், ஒரே ஒரு வருஷம் என்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சொல்கிறவள். எனக்கு ஊர் ஊராக ஆள் சேர்ந்த மாதிரியே அவளுக்கு ஊர் ஊராகக் கதவு மூடும். நான் எழுதியதால். எனக்கு வேர்க்கிறது, ஏசி ஓடுகிற அறையில் எனக்கு வேர்க்கிறது என்று கோகிலவாணி கழுத்தைத் துடைத்தாள்.

மெஷின் மணி அடித்தது. அடித்த கையோடு கதவும் திறந்தது, மணிக்காகவே வெளியே காத்திருந்த மாதிரி. சென்னியப்பன் தனியாக வந்தார். சட்டைப் பாக்கெட்டில் கண்ணாடி, கையில் போன். "ஆள் மாட்டிக்கிச்சுங் மேடம்" என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. ஸ்டூலை இழுத்தார், உட்காரவில்லை. "காலைல இருந்து பையிங் ஆபீஸ்ல என்னைப் போட்டு வறுத்து எடுத்துட்டாங்க. நம்ம பச்சை, நம்ம கைக்கு மட்டும் வந்த பச்சை. இங்க பாருங்க, இந்த நகம் யாரோடதுன்னு தெரியுதுங்களா? மேனேஜர்தான் புடிச்சாரு. எவனோ வெளிய உக்காந்து எழுதறான், இந்தம்மா உள்ள இருந்து போட்டோ எடுத்து அனுப்பிருக்குது. நானும் கூமுட்டையாட்டம் அவன் எழுதறதப் படிச்சுட்டு இருந்திருக்கேன்."

"அவங்க என்ன சார் சொன்னாங்க?" தன் குரல்தானா என்று இருந்தது கோகிலவாணிக்கு.

"என்னத்தச் சொல்லுது. எதுக்கு எடுத்தீங்கன்னா ரெக்கார்டுக்குங்குது. யாரு எடுத்தான்னா, ரெக்கார்டுக்குங்க. யாருக்கு அனுப்புனீங்கன்னா, அதுக்கும் ரெக்கார்டுக்குங்க. அழுதுட்டே அதையேதான் சொல்லுது, வேற ஒரு வார்த்தை வரல. கணக்கை முடிச்சு அனுப்பச் சொல்லிட்டேன். ஆளை நிறுத்தியாச்சுன்னு அவங்களுக்கு இப்பவே மெயில் போகணும். லேப் இன்சார்ஜ் நீங்க, உங்க பேர்லயும் ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க."

ஒரு வரி. எழுதிக் குடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் உண்டா? அந்த வரி தானாகவே மனசில் உருண்டு வந்தது, எங்கள் கவனத்துக்கு வராமல் நடந்த தவறு என்று, கச்சிதமாக, சாராக. அவள் எழுந்து மெஷினைத் திறந்தாள். சூடான பீக்கரை எடுக்கக் கையுறை போட வேண்டும், போடவில்லை, துணியை மடித்து வலது கையால் எடுத்தாள், வெண்புள்ளிக் கை, சென்னியப்பன் கண்ணுக்கு நேராக. ரெக்கார்டுக்கு. அவளுக்குத் தெரியுமா? இல்லை, நான் சொன்னதை உண்மையென்று நம்பி, நம்பியதை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டு நிற்கிறாளா? எதுவாக இருந்தாலும் அந்த வார்த்தையை நான்தான் கொடுத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் போனால் பேசமாட்டேன், தெரியும் எனக்கு, என்னை எனக்குத் தெரியும், கை தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

"கை அவங்களோடது சார். எடுத்தது நான். எழுதறதும் நான்தான்."

"என்னங் மேடம்?"

ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று அவள் மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. சொன்ன பிறகு அறை அப்படியேதான் இருந்தது, ஒன்றும் இடிந்து விழவில்லை, அதுதான் விசித்திரம். சென்னியப்பன் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போனைப் பார்த்தார். "அப்ப அந்த உப்புத் தண்ணி..." என்று இழுத்தார்.

"அதுவும் நான்தான் சார். போன வருஷம் உங்க ரூம்ல நின்னு சொன்னதுதான். ஜெசிந்தாக்காவுக்கு எதுவும் தெரியாது. ரெக்கார்டுன்னு நான்தான் பொய் சொன்னேன். மெயில்ல என் பேரைப் போடுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெசிந்தாவின் ஸ்டூல். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது கோகிலவாணிக்கு, திட்டாமல் போனையே விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார், பழையதெல்லாம் படிக்கிறாரா, படத்தைத் தேடுகிறாரா, தெரியவில்லை. மேசைமேல் அவளுடைய போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. கோயம்புத்தூராகத்தான் இருக்கும், அவள் எடுக்கவில்லை. கதவு திறந்தது. ஜெசிந்தா டிஃபன் பையை எடுக்க வந்திருந்தாள், கோட்டைக் கழற்றியிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. முதலாளியைப் பார்த்ததும் வாசலிலேயே ஒதுங்கி நின்றாள். பிறகு கோகிலவாணியைப் பார்த்து, பயப்படாதீர்கள் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள்.

"நான் ரெக்கார்டுக்குன்னு மட்டும்தான் மேடம் சொன்னேன்" என்றாள்.